ஏற்காட்டு வண்ணத்துப்பூச்சிக்கு உங்கள் போனே போதும், தேனீக்குப் போதாது: ஸ்லோ மோஷன் கணக்கு

ஸ்லோ மோஷனில் வண்ணத்துப்பூச்சி எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது கேமரா விலையைத்தான். ஏற்காடு மலைப்பாதையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உண்ணிச்செடிப் புதர் பக்கம் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போனிலேயே நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் வசதி இருப்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் "இதுல எங்க வரப்போகுது" என்று விட்டுவிடுகிறார்கள். வரும். வண்ணத்துப்பூச்சிக்கு அது தாராளம். அதே போனைத் தேனீ பக்கம் திருப்பினால் வராது, வராததோடு நிற்காமல் தப்பான தகவலையும் கொடுக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் எந்தப் பூச்சிக்கு எது தேவை, எதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

எல்லாம் இறக்கை நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்பதில் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை நொடிக்குச் சுமார் 10 முறை அடிக்கும், பெரிய இறக்கை என்றால் இன்னும் குறைவு. தட்டான் 30, 40 என்று போகும். வீட்டு ஈ 200 அளவில், தேனீ 230 அளவில், கொசு 400-இல் இருந்து 800 வரை. இப்போது வகுத்துப் பாருங்கள்: 240 ஃபிரேமில் எடுக்கும்போது, நொடிக்கு 10 முறை இறக்கை அடிக்கிற பூச்சியின் ஒவ்வொரு அடிக்கும் 24 படங்கள் கிடைக்கின்றன. மேலே போவது, கீழே வருவது, நடுவில் இறக்கை முறுக்கிக்கொள்வது எல்லாமே தனித்தனியாகத் தெரிய அது போதும். அதை 30 ஃபிரேமில் ஓட்டினால் எட்டு மடங்கு மெதுவாக ஓடும், ஒரு நொடி எட்டு நொடியாகும். வண்ணத்துப்பூச்சிக்கு அதற்கு மேல் மெதுவாக்கினால் எனக்கு அலுப்புதான் தட்டுகிறது, பறப்பதின் ஓட்டமே போய்விடுகிறது.

தேனீயில் நடப்பது வேறு. நொடிக்கு 230 முறை அடிக்கிற இறக்கையை 240 ஃபிரேமில் எடுக்கும்போது ஒரு அடிக்கு ஒரே ஒரு படம்தான் கிடைக்கிறது. அதுவும் ஒவ்வொரு படத்திலும் இறக்கை முந்தைய படத்தில் இருந்த நிலையை எட்டாமல் சற்றுப் பின்தங்கியே நிற்கும், ஏனென்றால் ஒரு ஃபிரேம் இடைவெளியில் இறக்கை முழுச் சுற்று முடிப்பதில்லை, 24-இல் ஒரு பங்கு பாக்கி இருக்கும். ஆக 24 படங்கள் சேர்ந்தால் இறக்கை நிதானமாக ஒரு முறை அடித்ததுபோலத் தோன்றும், அதுவும் தலைகீழ் வரிசையில். திரையில் பார்த்தால் அழகாக, முக்கால் நொடிக்குச் சற்று மேல் ஒரு முறை வீசுகிற மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் ஆஹா, தேனீயின் இறக்கையைப் பிடித்துவிட்டார் என்று நினைப்பார்கள். பிடிக்கவில்லை. பழைய சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதுபோலத் தெரியுமே, அதேதான் இது. தேனீயின் ஒரு அடியை இருபது படமாகப் பார்க்க வேண்டுமென்றால் நொடிக்கு 4,600 ஃபிரேம் வேண்டும், அது ஆய்வுக்கூடத்திலும் விளம்பரப் படங்களிலும் பயன்படுத்துகிற ஃபான்டம் மாதிரியான கேமராக்களின் உலகம்.

ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி என்று கேட்டால், தசைதான் காரணம். வண்ணத்துப்பூச்சியிலும் தட்டானிலும் நரம்பு ஒரு தடவை சொன்னால் தசை ஒரு தடவை சுருங்கும், ஆகவே வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. தேனீ, ஈ, கொசு, வண்டு இவற்றில் அப்படியில்லை. நரம்பு அவ்வப்போது தூண்டிவிட்டால் போதும், மார்புக்கூடு அதிர ஆரம்பித்து, ஒரு தசை சுருங்கும்போது எதிர்த்தசை இழுபடுவதும், இழுபட்ட தசை தானே சுருங்குவதுமாக அதிர்வு தன்னாலே தொடரும். நரம்பின் ஒரு கட்டளைக்குப் பல அடிகள். இரண்டு விதமான எஞ்சின் என்று வைத்துக்கொண்டால், நம் கையில் இருக்கிற போன் முதல் வகைக்குத்தான் ஈடுகொடுக்கும்.

தேனீயின் வேகத்தை அறிய ஆசை இருந்தால் கேமராவை விட்டுவிட்டு போனின் மைக்கைப் பயன்படுத்துங்கள். ரீங்காரம் என்பதே இறக்கை அடிக்கும் வேகம்தான். கிட்டார் சுருதி சேர்க்க உதவும் ஆப் ஒன்றைத் திறந்து வைத்தால் அது காட்டுகிற ஹெர்ட்ஸ் எண், நொடிக்கு எத்தனை அடி என்பதை நேரடியாகச் சொல்லிவிடும். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்கள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது, காற்று அடங்கின காலையில் இதைச் செய்து பார்க்கலாம்.

960 ஃபிரேம் என்று விளம்பரம் செய்கிற போன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017-இல் சோனி எக்ஸ்பீரியா எக்ஸ்இசட் பிரீமியம் வந்தபோது சென்சாரோடு ஒட்டியே நினைவகம் வைத்து உண்மையாகவே 960 எடுத்தார்கள், ஆனால் அந்த நினைவகம் நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிரம்பிவிடும். அதன் பிறகு வந்த சில போன்கள் 480 எடுத்துவிட்டு, நடுவில் உள்ள படங்களைத் தானே ஊகித்து வரைந்து 960 என்று போட்டுக்கொள்கின்றன. எடிட்டிங் ஆப்களிலும் இதே வேலை நடக்கிறது. சாதாரண 30 ஃபிரேம் வீடியோவைக் கொடுத்தால் "ஸ்மூத் ஸ்லோ மோஷன்" ஆக்கித் தருகிறது. கல்யாண வீடியோவில் புடவை பறப்பதற்கு இதெல்லாம் சரி. பூச்சிக்கு வேண்டாம். இறக்கை இரண்டு படங்களுக்கு நடுவில் என்ன செய்தது என்று பார்க்கத்தானே இந்தப் பாடு, அந்த இடத்தை மென்பொருள் கற்பனையால் நிரப்பிவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது? அது வரைகிற இறக்கை நேர்கோட்டில் இங்கிருந்து அங்கே நகரும், நிஜ இறக்கை அப்படி நகர்வதே இல்லை.

சரி, ஃபிரேம் கணக்கு இவ்வளவுதான். உண்மையான சிக்கல் வெளிச்சம்.

ஃபிரேம் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கிற வெளிச்சம் பாதியாகும். அது மட்டுமில்லை, இறக்கை தெளிவாக விழ ஷட்டர் அதைவிட வேகமாக இருக்க வேண்டும். நான்கு, ஐந்து சென்டிமீட்டர் நீள இறக்கையின் நுனி அடிக்கும்போது நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் போகும். ஷட்டர் 1/500, அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது என்றால் அந்த நேரத்தில் நுனி 4 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், கறுப்புப் புள்ளியும் மஞ்சள் பட்டையும் குழைந்துவிடும். 1/2000 என்றால் ஒரு மில்லிமீட்டர், பரவாயில்லை. 1/4000 என்றால் அரை மில்லிமீட்டர், இன்னும் தெளிவு. தனி கேமராவில் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செலவும் இருக்கிறது: பூச்சியின் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்படி நெருங்கினால் லென்ஸ் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), லென்ஸின் திறப்பை எஃப்/8 என்று வைத்தாலும் உள்ளே வருவது எஃப்/16 வெளிச்சம். உச்சி வெயிலில் எஃப்/16-க்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-இல் 1/100 ஷட்டர் என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. 1/2000 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 2000-க்குப் போகணும். இது நல்ல வெயிலில்.

இப்போது சேர்வராயன் மலைக்கு வருவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார், அரபிக்கா காபிக்கு நிழல் வேண்டும், ஆகவே தோட்டம் முழுக்க சில்வர் ஓக் மரங்கள். அந்த நிழலுக்குள் வெளிச்சம் மூன்று நான்கு ஸ்டாப் குறைந்துவிடும், அதாவது எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு. மேலே சொன்ன ஐஎஸ்ஓ 2000 இங்கே 16,000, 32,000 ஆகும். படம் முழுக்க மணல் கொட்டியதுபோலப் புள்ளி புள்ளியாகிவிடும். எஸ்டேட்டுக்குள் போய் எடுத்தால்தான் காட்டுப் பூச்சி கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். ஸ்லோ மோஷனுக்கு நல்ல இடம் திறந்த சரிவு, பாதையோர உண்ணிச்செடி, மழை முடிந்து தண்ணீர் கசிகிற ஈர மண், தோட்டத்தின் ஓரம். எஸ்டேட்டுகள் தனியார் நிலம், கேட்காமல் நுழையவும் கூடாது.

நேரமும் மலையே சொல்லித் தருகிறது. சேலம் ஊர் கடல் மட்டத்துக்கு மேலே 280 மீட்டர் அளவில், ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். வண்ணத்துப்பூச்சிக்கு நம்மைப்போல உடற்சூடு கிடையாது, பறக்கும் தசை 30 டிகிரிப் பக்கம் வந்தால்தான் ஒழுங்காக எழும்ப முடியும். ஆகவே பனி விலகி வெயில் விழுந்ததும் அவை இறக்கையை விரித்து வெயில் காயும். இது எடுக்கிறவருக்கு வரம். ஓரிடத்தில் அசையாமல் இருக்கும், ஃபோகஸ் பூட்டலாம், கிளம்பப் போகிறது என்பதும் தெரியும். சேலத்தில் காலை எட்டு மணிக்கே பறந்து தள்ளுகிற அதே வகை, மேலே ஒன்பதரை, பத்து வரை உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு துரத்திப் பயன் இல்லை.

ஆண் பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவதையும் பார்த்திருப்பீர்கள். தாகம் என்று நினைப்போம், அது தேடுவது உப்பு. இலை தின்று வளர்ந்த பூச்சிக்கு சோடியம் கிடைப்பது அரிது, ஆண் அதை மண்ணில் இருந்து சேர்த்து, இணையும்போது பெண்ணுக்கும் கொடுக்கிறது. உப்பில் மூழ்கியிருக்கும்போது நாம் தரையோடு தரையாகப் படுத்து, மெதுவாக, நிழல் அதன் மேல் விழாமல் நெருங்கலாம்.

அந்த ஈர மண்ணில் உட்கார்ந்திருக்கிற எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி ஒன்று கிளம்புவதைப் படம் படமாக நகர்த்திப் பாருங்கள். முதலில் கால்கள் ஊன்றி உடலைத் தள்ளும், இறக்கை கீழ்நோக்கி வரும், உடல் வெடுக்கென்று மேலே ஏறும். அப்போது வயிறு எதிர்ப்பக்கம் மடங்கும், ஒவ்வொரு அடிக்கும் மார்பும் வயிறும் இப்படி எதிரும் புதிருமாக ஆடிக்கொண்டே இருக்கும். பறப்பது தள்ளாடுவதுபோலத் தெரிவதற்கு ஒரு காரணம் இதுதான். அப்புறம் இறக்கை மேலே போய் முதுகுக்கு மேல் ஒன்றோடொன்று சேரும். இந்த இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பலகை மோதுவதுபோல அவை சேர்வதில்லை, நடுவில் குழிந்து, இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிடுகிற மாதிரி ஒரு பை உண்டாகிறது, அந்தப் பையில் சிக்கிய காற்று பின்னோக்கிப் பிதுக்கப்படுகிறது, பூச்சி முன்னே பாய்கிறது.

அந்தக் குழிவு வீண் வளைவு இல்லை. 1973-இல் டோர்கெல் வைஸ்-ஃபோ என்ற டென்மார்க் விலங்கியலாளர், ஒரு மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி இறக்கைகளைத் தட்டி, பிறகு விலக்கித் தூக்கு விசையைப் பெறுவதை விளக்கினார். வண்ணத்துப்பூச்சியும் தட்டுகிறது என்பது தெரிந்திருந்தது, ஆனால் அகலமான, மெல்லிய, வளைகிற இறக்கை அதற்கு உதவியா இடைஞ்சலா என்பது தெரியாமல் இருந்தது. 2021-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வண்ணத்துப்பூச்சிகள் கிளம்புவதைப் படம் எடுத்து, கூடவே இயந்திர இறக்கைகளையும் செய்து தட்டவைத்துப் பார்த்தார்கள். விறைப்பான இறக்கையைவிட வளைகிற இறக்கை 22 சதவீதம் அதிகத் தள்ளுதலையும், 28 சதவீதம் அதிகச் செயல்திறனையும் கொடுத்தது. கீழ்நோக்கிய அடி உடல் எடையைத் தாங்குகிறது, மேல்நோக்கிய அடியும் தட்டலும் முன்னே தள்ளுகின்றன. மலைப்பாதையில் போனில் எடுத்த எட்டு நொடியில் இந்த வேலைப் பிரிவினை நம் கண்ணுக்கே தெரிகிறது என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயமாகப்படுகிறது.

ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. போன் சென்சார் படத்தை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது, ரோலிங் ஷட்டர் என்பார்கள். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிநொடி போகும், நுனி அதற்குள் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், நேரான இறக்கையும் வளைந்ததுபோல விழும். அப்படியானால் நாம் பார்த்த குழிவு நிஜமா, சென்சார் உண்டாக்கியதா? கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. போனைப் படுக்கை வாட்டில் வைத்து ஒரு முறை, செங்குத்தாக வைத்து ஒரு முறை எடுங்கள். சென்சார் உண்டாக்கிய வளைவு போனோடு சேர்ந்து திசை மாறும். நிஜக் குழிவு இரண்டிலும் அதே இடத்தில் இருக்கும்.

கிளம்பும் கணத்தைப் பிடிப்பதுதான் எல்லாரையும் படுத்துகிற வேலை. கண் பார்த்து விரல் பட்டனை அழுத்துவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு நொடி போய்விடும், அதற்குள் பூச்சி இரண்டு முறை இறக்கை அடித்து ஃபிரேமைவிட்டு வெளியேறியிருக்கும். இது இன்றைய தலைவலி இல்லை. பாரிஸில், விலங்குகளின் அசைவைப் படம் எடுத்து ஆராய்ந்த எத்தியென்-ஜூல் மாரேயின் ஆய்வகத்தில் வேலை பார்த்த லூசியன் புல், 1904-இல் சுழலும் உருளையில் ஃபிலிமைச் சுற்றி, ஷட்டரே இல்லாமல் மின்பொறிகளின் வெளிச்சத்தில் நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படங்கள் எடுத்தவர். பூச்சி கிளம்புகிற அசைவே கேமராவை இயக்கும்படி ஏற்பாடு செய்துதான் அவர் இதைத் தாண்டினார். இன்றைய சில கேமராக்கள் ஓயாமல் எடுத்துப் பழையதை அழித்துக்கொண்டே இருந்து, பட்டனை அழுத்தியதும் அதற்கு முந்தைய சில நொடிகளைச் சேமிக்கும். 2015-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 நான்காம் மாடல் மாதிரி சிறிய கேமராவிலேயே இது உண்டு. போனில் 240-இல் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, நிமிடக்கணக்கில் ஓடவிட்டுப் பின்னால் வெட்டிக்கொள்ளலாம். மெமரிதான் நிறையும்.

இன்னும் சுலபமாக ஆரம்பிக்க விரும்பினால் எலுமிச்சை அழகியையும் அதன் சொந்தக்காரர்களையும் பூவில் எடுங்கள். அந்தக் குடும்பம் தேன் குடிக்கும்போதும் முன்னிறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும், எடை முழுவதையும் பூவின் மேல் போடாது. ஆள் ஓரிடத்தில், இறக்கை ஓயாமல். ஸ்லோ மோஷனுக்கு இதைவிட நல்ல மாடல் கிடைக்காது. பக்கவாட்டில், இறக்கைத் தளத்துக்கு இணையாகக் கேமராவை வைத்தால் ஃபோகஸும் கைக்குள் நிற்கும். மேக்ரோ லென்ஸில் கூர்மையாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், போனின் சின்ன சென்சாரில் அது கூடுதலாகக் கிடைக்கும், அந்த விஷயத்தில் போன் பெரிய கேமராவை முந்துகிறது. வீட்டுக்குள் விளக்கு போட்டு எடுக்கிறவர்கள் மட்டும் கவனியுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும், 240 ஃபிரேமில் வீடியோ முழுக்கத் துடிக்கும். பேட்டரியில் ஓடும் விளக்கு அல்லது சன்னல் வெயில்.

துள்ளும் பூச்சிகளை விட்டுவிடுங்கள். புல் தண்டில் வெள்ளை நுரைக்குள் வளருகிற பூச்சி பெரிதானதும் தாவுகிறது, ஒரு மில்லிநொடிக்குள் தரையை விட்டுவிடும் என்று கேம்பிரிட்ஜில் அளந்திருக்கிறார்கள். போனின் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே நான்கு மில்லிநொடிக்கு மேல்.

பூச்சியை டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கி எடுக்கிற பழக்கம் பரவியிருக்கிறது. எனக்கு அது கோபத்தையே தருகிறது. குளிர்ந்த பூச்சி சிலைபோல நிற்கும், போட்டோ பளிச்சென்று வரும். ஆனால் தசை சூடேறாமல் அது எழும்பும்போது அடிக்கிற அடி அதன் இயல்பான அடி இல்லை, ஸ்லோ மோஷனில் அது அப்பட்டமாகத் தெரியும், இறக்கை நடுங்கும், தட்டல் முழுதாக நடக்காது. பாவத்துக்குப் பாவம், தகவலும் தப்பு. அதிகாலை ஏற்காட்டில் இயற்கையே குளிர்வித்து உட்கார வைத்திருக்கிறது, நாம் காத்திருந்தால் போதும்.

எப்போது போவது என்றால், செப்டம்பரில் இருந்து நவம்பர் வரை. அந்தச் சமயத்தில் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் இருந்து ப்ளூ டைகர், காமன் க்ரோ என்கிற வண்ணத்துப்பூச்சி வகைகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கி வலசை போகும். காற்றோடு நேராகப் போகிற இந்தப் பறப்பு வேறு மாதிரி, அடிகளுக்கு நடுவே இறக்கையை விரித்தபடி மிதக்கும் இடைவெளிகள் அதிகம்.

மலை ஏற முடியாதவர்களுக்குச் சேலத்திலேயே ஒரு நல்ல வேலை இருக்கிறது. வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிட வருகிற கறிவேப்பிலை அழகியில் பெண் பூச்சி ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு வகை ஆணைப்போலவே இருக்கும், இன்னொரு வகை நஞ்சுள்ள ரோஜா அழகியைப்போல வேடம் போட்டிருக்கும், பறவைகள் ஏமாந்து விட்டுவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இவற்றின் பறக்கும் பாதையைப் படம் எடுத்து ஒப்பிட்டபோது, வேடம் போட்ட பெண் நிறத்தில் மட்டுமல்ல, பறக்கும் விதத்திலும் ரோஜா அழகியை ஒத்திருந்தது. ஆணும், ஆணைப்போன்ற பெண்ணும் அப்படி இல்லை. 240 ஃபிரேம் போனும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் உள்ள எவரும் இதைச் சேலத்தில் சோதிக்கலாம். இரண்டு வகைப் பெண்களையும் ரோஜா அழகியையும் ஒரே வெயிலில், ஒரே தூரத்தில் எடுங்கள், இறக்கை மேலே தட்டுகிற ஃபிரேமில் இருந்து அடுத்த தட்டல் வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள், 240-ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு எத்தனை அடி என்பது வந்துவிடும். ஒன்றிரண்டு கிளிப்பை நம்பாதீர்கள், ஒரே பூச்சியே பயந்து கிளம்பும்போது ஒரு வேகத்திலும் பூ தேடி அலையும்போது வேறு வேகத்திலும் அடிக்கும், ஆகவே அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் கிளிப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.